கட்டை அடுக்கும் விளையாட்டு: பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாயில்

ஆறு வயதுப் பிள்ளையும் எழுபதைத் தாண்டிய பாட்டியும் சரிக்குச் சமமாக உட்கார்ந்து ஆட வேண்டும் என்றால், கட்டை அடுக்கும் விளையாட்டுக்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. தாயத்தில் அதிர்ஷ்டம் பேசும். சதுரங்கத்தில் பழகியவர் கைதான் ஓங்கும். கைப்பேசி விளையாட்டு என்றால் பாட்டி கிட்டவே வரமாட்டார். கட்டை அடுக்க எழுத்து தெரிய வேண்டாம், கணக்கு தெரிய வேண்டாம். அவசரப்படாத விரல் இருந்தால் போதும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரருக்கு மரச்சாமான் பட்டறையில் வேலை. பள்ளி விடுமுறை வந்தால் நாத்தனார் பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். இத்தனை பேரையும் ஒரு பாயில் உட்கார வைக்கும் வழி பலரும் என்னிடம் கேட்பதுதான். கட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே அடுக்குவது, விரலை எப்படி வைப்பது, வீட்டுக்குத் தகுந்தாற்போல் சட்டத்தை எப்படி மாற்றுவது என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆட்டம்

கடையில் இதை ஜெங்கா என்று கேளுங்கள். இதை உருவாக்கியவர் லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி. 1970-களில் அவர் குடும்பம் ஆப்பிரிக்காவில், கானாவில் இருந்தது. தக்கோராடி என்ற ஊரின் மரப்பட்டறையில் அறுத்து வாங்கிய சின்னக் கட்டைகளை வைத்து வீட்டுக்குள்ளேயே விளையாடிப் பழகியதுதான் இதன் ஆரம்பம். 1983 ஜனவரியில் லண்டன் பொம்மைக் கண்காட்சியில்தான் முதன்முதலாக வெளியே கொண்டுவந்தார். வீட்டுப் பிள்ளைகளோடு ஆடி ஆடியே செப்பனிட்ட ஆட்டம் இது. அதனால்தான் சின்னப் பிள்ளைக்கும் ஒரே தடவையில் புரிந்துவிடுகிறது.

மொத்தம் 54 கட்டைகள். வரிசைக்கு 3 வீதம், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசைக்குக் குறுக்காக, 18 வரிசை. ஆளாளுக்கு முறை வைத்து ஒரு கட்டையை உருவி, உச்சியில் வைக்க வேண்டும். உச்சியில் 3 கட்டையும் நிறைந்த வரிசை எதுவோ, அதிலும் அதற்கு மேலும் கை வைக்கக் கூடாது. அதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கைதான். வலது கையில் தொடங்கி இடது கைக்கு மாறலாம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. வைத்த பிறகு 10 விநாடி நின்றாலோ, அடுத்தவர் கோபுரத்தைத் தொட்டுவிட்டாலோ உங்கள் முறை முடிந்தது. யார் முறையில் சரிகிறதோ அவர் தோற்றவர். அவருக்கு முன்னால் கடைசியாகச் சரியாக வைத்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் சட்டம்.

கட்டையைப் பார்த்து எடுங்கள்

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், சில வெள்ளிக்கே (ரிங்கிட்) கட்டைப் பெட்டி கிடைக்கும். வாங்குவது தப்பில்லை, ஆனால் திறந்து பார்த்து வாங்குங்கள். மூன்று கட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வையுங்கள். அந்த மூன்றின் அகலமும் சேர்ந்து ஒரு கட்டையின் நீளத்துக்குச் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால் குறுக்கு வரிசை எப்போதும் துருத்திக்கொண்டே நிற்கும். அடுத்தது கனம். கட்டைகளுக்குள் மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே கனமாக இருந்தால் ஒன்றும் தளராது, ஆட்டமே நகராது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தால் ஐந்தாவது வரிசையிலேயே ஆடத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் கட்டைகளை நான் வாங்கச் சொல்லமாட்டேன். அதில் விரலுக்குச் சேதி வராது.

என்னைக் கேட்டால் வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நல்லது, அதுவும் நம்மைப் போன்ற தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த பிறகு அதை வெட்டி மரச்சாமானாக ஆக்குகிறார்கள். பட்டறைகளில் மேசைக்கால், நாற்காலிக்கால் அறுத்த மிச்சத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நல்ல வெளிர் நிறம், இழை நெருக்கமான மரம், கைக்கு இதமாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். தோட்டத்தில் வெட்டிப் போட்ட பச்சை ரப்பர் மரத்தைத் தூக்கிவந்து அறுக்காதீர்கள். அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். பட்டறை மரம் போரான் மருந்தில் ஊறவைத்து, சூளையில் காயவைத்தது. அதனால்தான் பட்டறைத் துண்டையே கேளுங்கள் என்கிறேன். மருந்து போட்ட மரம் என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

அளவு இதுதான்: நீளம் 7.5 சென்டிமீட்டர், அகலம் 2.5, கனம் 1.5. முதலில் இரண்டரைக்கு ஒன்றரை என்ற அளவில் நீளச் சட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள். 54 கட்டைக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். இரம்பத்தில் வீணாகும் தூளையும் முடிச்சு விழுந்த துண்டுகளையும் கணக்கில் வைத்து நாலரை மீட்டர், ஐந்து மீட்டர் எடுத்துக்கொண்டால் நிம்மதி. நறுக்கும்போது ஒவ்வொரு துண்டையும் புதிதாக அளந்து கோடு போட வேண்டாம். இரம்ப மேடையில் ஒரு தடுப்புக் கட்டையைத் திருகி வைத்து, சட்டத்தை அதில் முட்டவைத்து நறுக்கினால் எல்லாம் ஒரே நீளம் வரும். பிறகு 120-ஆம் எண் சேண்ட் பேப்பர், முடிவில் 240. விளிம்புகளை மட்டும் லேசாக உருட்டுங்கள். ரொம்ப உருட்டினால் வரிசை வழுக்கும்.

வார்னிஷ் அடிக்க வேண்டாம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், நம் ஊர் புழுக்கத்தில் ஒன்றோடு ஒன்று பசைபோட்டுக்கொள்ளும். பூச்சு இல்லாமல் வெறும் மரமாகவே விடுங்கள். வருடம் போகப் போகக் கைபட்டு அதுவே வழவழப்பாகிவிடும்.

எங்கே அடுக்குவது

விருந்துக்குப் போடும் மடக்கு மேசையில் வேண்டவே வேண்டாம். யாராவது முழங்கையை ஊன்றினாலே போதும், மேசை துள்ளும். பழைய காப்பிக்கடைப் பளிங்கு மேசை யார் வீட்டிலாவது இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. கனமாக அசையாமல் நிற்கும். எங்கள் வீட்டில் தரைதான். வீட்டுக்கு டைல் போட்டபோது மிஞ்சிய பெரிய டைல் ஒன்று உண்டு. அதைத் தரையில் போட்டு, சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வோம். பாய்மேலேயே கோபுரம் கட்டினால் யார் காலை நீட்டினாலும் பாய் இழுபட்டுச் சரிந்துவிடும். அதனால் டைல் தரையில், ஆட்கள் பாயில். முட்டிவலி உள்ளவர்களுக்குக் குட்டி முக்காலி ஒன்று.

பலகைத் தரை உள்ள பழைய லயத்து வீடாக (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்தால், ஆட்டம் நடக்கும்போது யாரும் நடக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஒரு பலகையில் கால் வைத்தால் அடுத்த பலகை ஆடும்.

விசிறியை அணைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். மரக்கட்டைக்கு வேண்டாம். கட்டை ஒன்று ஏறக்குறைய 17 கிராம், கோபுரம் முழுக்க ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூரை விசிறிக் காற்று அதை ஒன்றும் செய்யாது. இந்தப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டு ஆடினால் கை வேர்த்து, அதுவே தொல்லை. அட்டையில் கட்டும் விளையாட்டு என்றால் மட்டும் அணையுங்கள்.

விரலை எப்படி வைப்பது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் வீட்டில் இதில் கைதேர்ந்தவர் என் அம்மா. பால் வெட்டுவது என்றால் மரத்தின் பட்டையை மட்டும், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுப்பது. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டுவிடும்; அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. மேலோடு போனால், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் சேராது. இதை விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் செய்துகொண்டே போக வேண்டும். அப்படிப் பழகிய கைக்கு, எவ்வளவு அழுத்தினால் எது அசையும் என்று தெரியும். கட்டை உருவுவதற்கு வேண்டிய அறிவும் இதேதான்.

அம்மா கோபுரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கமாட்டார். பேரன் கன்னத்தைத் தரையில் வைத்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்ப்பான். அவர் சொல்வார்: “கண்ணால பாக்காதடா தம்பி, வெரலால பாரு.”

விரலால் பார்ப்பது இப்படி. ஆள்காட்டி விரல் நுனியைக் கட்டையின் முகப்பில் வைத்து, மெதுவாக ஒருமுறை தள்ளுங்கள். தளர்ந்த கட்டை உடனே நூலளவு நகரும். நகரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதிர்க்கும் கட்டையோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டையும் சமமாகப் பாரம் சுமப்பதில்லை. மயிரிழை தடித்தது சுமக்கும், மெலிந்தது சும்மா படுத்திருக்கும். நாம் தேடுவது அந்தச் சும்மா இருப்பதைத்தான். ஒரு கட்டையை உருவியதும் பாரம் இடம் மாறிவிடும். போன சுற்றில் இறுகியிருந்தது இந்தச் சுற்றில் தளர்ந்திருக்கலாம், தளர்ந்திருந்தது இறுகியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டு நகர்த்திய கட்டையை எடுக்கவில்லை என்றால் பழைய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும், அதுவும் ஒரே கையால்.

நடுக்கட்டை தளர்ந்திருந்தால் ஒரு பக்கத்திலிருந்து பாதி வெளியே வரும்வரை நேராகத் தள்ளி, அதே கையை மறுபக்கம் கொண்டுபோய் இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். இழுக்கும்போது மேலேயோ கீழேயோ அழுத்தாமல் மட்டமாக வர வேண்டும். ஓரக்கட்டை என்றால் ஒரு முனையை லேசாக வெளிப்பக்கம் திருப்பி, மறுமுனையைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நடத்தி வெளியே கொண்டுவாருங்கள். பாதி வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று இழுக்கிறவர்கள் உண்டு. கோபுரம் பெரும்பாலும் சரிவது அந்த இடத்தில்தான். கடைசிக் கால்வாசிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

எதை எடுப்பது என்பதிலும் கணக்கு உண்டு. ஒரு வரிசையில் நடுக்கட்டையை எடுத்தால் இரண்டு ஓரமும் தாங்கி நிற்கும், ஆனால் அந்த வரிசையில் இனி எடுக்க ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒன்றை எடுத்தால் மற்ற ஓரத்தையும் பிறகு எடுக்கலாம், நடுக்கட்டை ஒன்றே தாங்கும். நீண்ட நேரம் ஆட ஆசைப்படும் வீட்டில் ஓரங்களையே எடுங்கள்.

கோபுரம் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால், சாய்ந்த பக்கத்துக் கட்டையைத் தொடாதீர்கள். பாரம் முழுதும் அங்கேதான் இருக்கிறது. அதை உருவினால் தாங்க ஆளில்லை. எதிர்ப்பக்கத்தில் தளர்ந்திருப்பதை எடுத்து, உச்சியிலும் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். வைக்கும்போது கட்டையைப் போடாதீர்கள். ஒரு விளிம்பை முதலில் தொடவிட்டு, பிறகு முழுதும் படுக்கவிட்டு, விரலை மட்டமாக விலக்குங்கள்.

இப்படிப் பொறுமையாகப் போனால் எவ்வளவு உயரம் போகலாம்? 1985-இல் ராபர்ட் கிரெப்ளர் என்பவர் முழுதாக 40 வரிசை முடித்து, 41-ஆம் வரிசையில் 2 கட்டை ஏற்றியதாகச் சொல்வார்கள். வீட்டில் முப்பதை நெருங்கினாலே அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் வந்து பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வீடு சட்டம்

சின்னப் பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்வரை இரண்டு கையும் விடுங்கள். 54 கட்டையும் வேண்டாம், 30 போதும், 10 வரிசை. சீக்கிரம் சரியும், சீக்கிரம் மறுபடி கட்டலாம், பிள்ளைக்கு அலுக்காது. கை நடுங்கும் பெரியவர்களுக்குக் கைக்கு அண்டையாக ஒரு சின்னத் தலையணையோ தடித்த புத்தகமோ கொடுங்கள். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டால் விரல் நிதானமாக வரும். அதுவும் முடியாதென்றால் ஜோடி ஆட்டம் வையுங்கள். எந்தக் கட்டை என்று பாட்டி விரலால் தொட்டுச் சொல்வார், பேரன் உருவுவான். எங்கள் வீட்டில் இந்த ஜோடியை யாராலும் அசைக்க முடிவதில்லை. மகள் கல்லூரியிலிருந்து வந்தால் முதலில் கேட்பதே, “இன்னிக்குப் பாட்டி யாரு பக்கம்?”

சரித்தவரைத் திட்டக் கூடாது, இதை முதலிலேயே பேசிவிடுங்கள். சரிந்தவுடன் வரும் கூச்சலும் சிரிப்பும்தான் இந்த ஆட்டத்தின் பாதிச் சுகம். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு எழுந்து போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. சரித்தவரே மறுபடி அடுக்குவது, மற்றவர்கள் கட்டை எடுத்துக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் அழுகைக்கு இடமில்லை. நேராக அடுக்க, தடித்த புத்தகங்கள் இரண்டை மூலைமட்டமாக நிறுத்தி, அந்த மூலையில் ஒட்டி அடுக்குங்கள்.

தீபாவளித் திறந்த இல்லத்துக்குச் சீன நண்பர்கள், மலாய்ப் பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் வருவார்கள். சாப்பிட்டு முடித்து என்ன பேசுவது என்று பிள்ளைகள் கூச்சப்பட்டு நிற்கும் நேரத்தில் டைலை நடுவில் போடுங்கள். ஒன்று மட்டும்: முறுக்கு தின்ற கையோடு யாரையும் தொடவிடாதீர்கள். எண்ணெய் ஏறிய கட்டை ஒரு பக்கம் வழுக்கும், ஒரு பக்கம் பிடிக்கும், அப்புறம் அதைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஜெங்கா பழகிய பிறகு

இதே வகையில் வேறு நல்ல ஆட்டங்களும் உண்டு. நாலு வயதிலிருந்தே ஆடக்கூடியது ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த அனிமல் அப்பான் அனிமல். அடியில் மர முதலை, அதன்மேல் பெங்குவின், ஆடு, பாம்பு என்று மர மிருகங்களை ஏற்ற வேண்டும். பகடையில் ஒரு புள்ளி விழுந்தால் ஒன்று, இரண்டு புள்ளி விழுந்தால் இரண்டு. கை படம் விழுந்தால் உங்கள் மிருகம் ஒன்றை வேறொருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பிடித்ததே அந்தக் கைதான். சரிந்தாலும் இரண்டுக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற சட்டம் சின்னப் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். அதே நிறுவனத்தின் ரைனோ ஹீரோ, அட்டையை மடித்துச் சுவராக நிறுத்தி, மேலே கூரை போட்டு மாடி கட்டுவது. விசிறியை அணைக்கச் சொன்னது இதற்குத்தான். பெரியவர்களுக்கு வில்லா பலெட்டி. தூண்களைக் கீழ்மாடியிலிருந்து உருவி மேல்மாடிக்குக் கொண்டுபோவது. 2002-இல் ஜெர்மனியின் அந்த ஆண்டுக்கான சிறந்த விளையாட்டு விருது இதற்குத்தான் கிடைத்தது. இவை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் காசு ஆகும்.

காசில்லாமல் விரலைப் பழக்க அஞ்சாங்கல் இருக்கவே இருக்கிறது. மலாய்ப் பிள்ளைகள் ‘பத்து செரெம்பான்’ (மலாயில் ‘பத்து’ என்றால் கல்) என்று ஆடுவதும் இதுதான். கூழாங்கல் கிடைக்காவிட்டால் ஐந்து சின்னத் துணிப் பைகளில் அரிசியோ பச்சைப்பயறோ நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். பை உருளாது, சின்னக் கைக்குப் பிடிக்க எளிது. பிள்ளையைக் கட்டைக்குப் பழக்கும் முன் சில வாரம் இதை ஆடவிட்டால், விரல் தனித்தனியாக வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். கேரம் பலகை உள்ள வீட்டில் அதுவும் நல்லதுதான், ஆனால் அங்கே நான்கு பேருக்கு மேல் இடமில்லை.

எடுத்து வைப்பது

மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்திலும் கனத்திலும் உப்பும், நீளத்தில் அவ்வளவாக உப்பாது. அப்போது மூன்று கட்டையின் அகலம் ஒரு கட்டையின் நீளத்தைத் தாண்டிவிடும், வரிசை சரியாக உட்காராது. மழைக்காலத்தில் கட்டை இறுகிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். தீபாவளிக்கு முறுக்கு போடும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதில் போட்டு மூடிவையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போடலாம். சின்னப் பிள்ளைகள் கையில் அது அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உப்பிய கட்டையை வெயிலில் போடாதீர்கள், கோணிக்கொள்ளும். நிழலில், விசிறிக்குக் கீழே, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஓரிரு நாள் பரப்பிவைத்தால் போதும்.

கட்டை ஒன்று சோபாவுக்கு அடியிலோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பையிலோ போய்விட்டால் ஆட்டத்தை நிறுத்தவேண்டாம். இன்னும் இரண்டை எடுத்து ஓரமாக வையுங்கள். 51 கட்டைக்கு 17 வரிசை சரியாக வரும். அந்த இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள், அடுத்தது தொலையும்போது தேவைப்படும்.